குறி நோக்கி நீளும் முதிய கை

ஊசிக் காதினுள் நூலைக் கோப்பது, மங்கலான வெளிச்சத்தில் பூட்டினுள் திறப்பை நுழைப்பது, நிரம்பிய தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைப்பது, புறப்படத் துடிக்கும் பஸ்ஸின் மிதிபலகையில் காலை ஊன்றுவது ஆகிய அனைத்தும் ஒரே இனத்தைச் சேர்ந்த செயல்கள். ஓர் இலக்கைக் கண்ணால் குறித்துக்கொண்டு, கையையோ காலையோ அதில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இத்தகைய அசைவுகளைக் குறிநோக்கிய அசைவுகள் எனலாம். வயது ஏற ஏற இவை மெதுவாகின்றன என்பது எல்லோரும் அறிந்த விடயம். அசைவின் எந்தக் கட்டத்தில் அந்தத் தாமதம் நேர்கின்றது, அதில் இயலாமை எவ்வளவு, முதியவர் தாமே தெரிந்துகொண்ட நிதானம் எவ்வளவு என்பன அவ்வளவாக அறியப்படாதவை. 'கை தளர்ந்துவிட்டது' என்ற ஒரே சொற்றொடரில் இவை யாவற்றையும் அடக்கிவிடுவது நமது வழக்கம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றுவரும் ஆய்வுகளை நோக்கினால் அச்சொற்றொடர் போதாது என்பது தெளிவாகும்.

இந்நாட்டில் இவ்விடயம் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் 12.4 சதவீதமானோர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர், 60 வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். அதன் பின்னர் அவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. தனியார் துறையில் ஓய்வுபெறும் ஆகக் குறைந்த வயதை 60 ஆக்கும் சட்டமும் 2021இல் நிறைவேற்றப்பட்டது. ஆகவே, தையல் இயந்திரத்தின் முன்னும் வங்கிக் கருமபீடத்திலும் சாரதி ஆசனத்திலும் முன்னரிலும் அதிகமான முதிய கைகளை இனிக் காணப்போகின்றோம்.

இத்துறையின் முதல் நூல் எனத்தக்கது 1899இல் வெளிவந்தது. அமெரிக்க உளவியலாளரான ரொபர்ட் வூட்வேர்த், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தமது பட்ட ஆய்வுக்காக மிக எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தார். சுழலும் உருளையில் சுற்றப்பட்ட தாளின் மீது, குறிப்பிட்ட நீளமுள்ள கோடுகளைப் பென்சிலால் திரும்பத் திரும்ப வரையும்படி ஆட்களைக் கேட்டுக்கொண்டார். தாளம் தட்டும் கருவியொன்றின் மூலம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். முதலில் கண்களைத் திறந்தும் பின்னர் மூடியும் வரையச் செய்தார். கண்களை மூடியிருந்தபோது, மெதுவாக வரைந்தாலும் வேகமாக வரைந்தாலும் பிழையின் அளவு பெரிதும் மாறவில்லை. கண்கள் திறந்திருந்தபோதோ, மெதுவாக வரைந்த கோடுகள் மிகத் திருத்தமாக அமைந்தன. வேகம் கூடக்கூட அந்த அனுகூலம் தேய்ந்து, நிமிடத்துக்குச் சுமார் 140 கோடுகள் என்ற வேகத்தை எட்டியதும் கண் திறந்திருப்பதற்கும் மூடியிருப்பதற்கும் வேறுபாடே இல்லாமற் போயிற்று.

இதிலிருந்து வூட்வேர்த் பெற்ற முடிவு இன்றுவரை நிலைத்து நிற்கின்றது. குறிநோக்கிய அசைவு ஒவ்வொன்றும் இரண்டு பகுதிகளால் ஆனது. முதலாவது, முன்கூட்டியே திட்டமிடப்பட்டு ஒரே மூச்சில் வீசப்படும் தொடக்க வீச்சு. அது புறப்பட்ட பின் வில்லை விட்ட அம்பைப் போன்றது. இரண்டாவது, கை இலக்கை நெருங்கும்போது கண்ணும் தசையும் அனுப்பும் செய்திகளைக் கொண்டு மேற்கொள்ளப்படும் திருத்தம். திருத்துவதற்கு நேரம் வேண்டும். கண்ட பிழையைக் கைக்கு அறிவித்து அதைச் சரிசெய்விக்க மூளைக்கு ஏறத்தாழ அரை விநாடி தேவை என அவரது கணக்கு காட்டியது. 1968இல் ஸ்டீவன் கீல், மைக்கல் பொஸ்னர் ஆகிய இருவரும் அதை ஏறத்தாழ கால் விநாடியாகக் குறைத்தனர். எவ்வளவாயினும், அந்த அவகாசம் கிடைக்காதபோது கண் பயனற்றதாகிவிடுகின்றது என்பதே இங்கு முக்கியமானது.

1954இல் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் பிட்ஸ் இதற்கு ஒரு கணித விதியை வகுத்தார். இரண்டு உலோகத் தகடுகளை மாறிமாறி ஓர் உலோகக் கோலால் தொடும்படி அவர் ஆட்களைப் பணித்தார். தகடுகளுக்கு இடையிலான தூரத்தை இரட்டித்தால் எவ்வளவு நேரம் கூடுகின்றதோ, தகட்டின் அகலத்தைப் பாதியாக்கினாலும் அதேயளவு நேரம் கூடுகின்றது என்பதே அவர் கண்ட விதியின் சாரம். தூரமும் சிறுமையும் கைக்கு ஒரே வகையான சுமைகள். முதியவர்களும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்களே. ஆயினும் இலக்கு கடினமாகும் ஒவ்வொரு படியிலும் அவர்களுக்குக் கூடும் நேரம் இளையவர்களுக்குக் கூடுவதிலும் அதிகம். பெரிய பொத்தானை அழுத்துவதில் பேரனுக்கும் பாட்டனுக்கும் இடையே சிறிதாகத் தெரியும் இடைவெளி, சிறிய பொத்தானை அழுத்தும்போது பெரிதாகிவிடுவதற்குக் காரணம் இதுவே.

இனி முதிய கையின் பயணத்தைச் சற்று நிதானமாக நோக்குவோம். கையின் வேகத்தைக் கணத்துக்குக் கணம் பதிவுசெய்யும் கருவிகள் வந்த பின்னர் இது தெளிவாகத் தெரியவந்தது. இளையவரின் கை புறப்பட்டு, ஏறத்தாழப் பாதி வழியில் உச்ச வேகத்தை எட்டி, அதேபோலக் குறைந்து நிற்கின்றது. வரைபடத்தில் அது ஒரு மணியின் வடிவத்தைக் கொண்டிருக்கும். முதியவரின் வரைபடத்தில் உச்சம் தாழ்வானது. அது பயணத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுகின்றது. அதன் பின்னர் வேகம் குறைந்து செல்லும் வால்பகுதி நீண்டு கிடக்கின்றது. அந்த வாலும் ஒரே சீராக இராமல் சிறுசிறு ஏற்ற இறக்கங்களைக் கொண்டிருக்கும். ஒவ்வோர் ஏற்றமும் ஒரு திருத்தம். தொடக்க வீச்சு இலக்குக்கு வெகு முன்பாகவே ஓய்ந்துவிட, எஞ்சிய தூரத்தை முதிய கை தவணை தவணையாகக் கடக்கின்றது. கரை நெருங்குவதற்கு வெகு முன்னரே துடுப்பை அளந்து போடத் தொடங்கும் தோணிக்காரனைப் போன்றது இது. ஆகவே மொத்தத் தாமதத்தின் பெரும்பகுதி புறப்பாட்டில் இல்லை; சென்று சேரும் கட்டத்திலேயே உள்ளது. அவகாசம் கொடுத்தால் முதிய கை பெரும்பாலும் இளைய கைக்கு ஈடாகக் குறியைத் தொட்டுவிடுகின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருத்தத்தை அதிகம் நம்பும் கை, கண்ணையும் அதிகம் நம்ப வேண்டியதாகின்றது. ரேச்சல் சைட்லர், ஜோர்ஜ் ஸ்டெல்மாக் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகின்றது. ஒரே அசைவைப் பலமுறை பயின்ற இளையவர்கள், நாளடைவில் தொடக்க வீச்சை நீட்டிக்கொண்டு கண்ணின் துணையைக் குறைத்துக்கொண்டனர். முதியவர்களோ பயிற்சியின் பின்னரும் கண்ணை விடவில்லை. இந்தக் கண்ணோ முன்னைய கண்ணன்று. கண்மணியின் துவாரம் சுருங்கி, வில்லை மஞ்சள் பூப்பதால், 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் அடைந்ததில் சுமார் மூன்றிலொரு பங்கே. கண்ணையே நம்பும் கைக்கு வெளிச்சம் குறைந்துகொண்டு வருகின்றது. வீட்டில் முதியவர் ஒருவர் அமரும் மூலையில் பிரகாசமான விளக்கொன்றைப் பொருத்துவது, அவரது கைகளுக்குச் செய்யும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று கூறினால் மிகையாகாது.

இம்மாற்றங்களுக்கான காரணங்கள் உடலின் பல மட்டங்களில் உள்ளன. தசை இழைகள் தனித்தனியே இயங்குவதில்லை. முள்ளந்தண்டு வடத்திலிருந்து வரும் ஒவ்வொரு நரம்புக் கலமும் ஒரு தொகுதி இழைகளை ஆள்கின்றது. முதுமையில் அக்கலங்களிற் பல அழிகின்றன. அநாதையான இழைகளை அயலிலுள்ள நரம்புகள் தத்தெடுத்துக்கொள்கின்றன. இழைகள் பிழைத்துக்கொண்டாலும் தொகுதிகள் பருத்துவிடுகின்றன. சில்லறைக் காசுகளை வைத்திருந்தவரிடம் நோட்டுகள் மட்டும் மிஞ்சியது போன்ற நிலை அது. பெரிய தொகையைக் கொடுக்கலாம். நுணுக்கமாக எண்ணிக் கொடுப்பது கடினம். மெல்லப் பிடித்தலும் சிறிதளவு தள்ளுதலும் பலமாக இழுப்பதைவிடச் சிரமமாவது இதனாலேயே. இதனோடு, மூட்டுகளும் தசைகளும் தாம் இருக்கும் நிலையை மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் மழுங்குகின்றது. அசைவின் பிழையைக் கணித்துத் திருத்தும் சிறுமூளையும் சுருங்குகின்றது.

நரம்புத் தொகுதியின் இரைச்சல் என்றொரு கருத்தும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின்னர் கேம்பிரிட்ஜில் முதுமையையும் தொழிற்றிறனையும் ஆராய்ந்த அலன் வெல்போர்ட், 1958இல் வெளிவந்த தமது நூலில் இதை விரிவாக எடுத்துரைத்தார். தூரத்து வானொலி நிலையமொன்றைக் கேட்கும்போது குரலோடு இரைச்சலும் சேர்ந்து வருவதுபோல, மூளையின் கட்டளைகளோடு ஒழுங்கற்ற சமிக்ஞைகளும் கலந்தே செல்கின்றன. முதுமையில் குரல் தணிகின்றது, இரைச்சல் ஓங்குகின்றது. 1998இல் கிறிஸ்தோபர் ஹரிஸ், டானியல் வோல்பேர்ட் ஆகிய இருவரும் இதனோடு தொடர்புடைய ஒன்றைக் கூறினர். கட்டளை பலமானதாக இருந்தால் அதனோடு வரும் இரைச்சலும் பெரிதாகும். அதாவது, வேகமாக வீசினால் குறி சிதறும். எல்லா வயதினருக்கும் பொதுவான இந்நியதி, இரைச்சல் ஏற்கெனவே கூடியுள்ள உடலில் இன்னும் கடுமையாகத் தாக்குமென எதிர்பார்க்கலாம்.

இந்த இடத்தில்தான் தெரிவு என்ற கேள்வி எழுகின்றது. குறியைத் தாண்டிவிடுவதும் குறிக்கு முன்பாக நின்றுவிடுவதும் ஒரேயளவான பிழைகள் போலத் தோன்றலாம். உண்மையில் தாண்டிய கையை நிறுத்தி, திருப்பி, மீண்டும் கொண்டுவருவதற்கு அதிக சக்தியும் நேரமும் செலவாகும். முன்பாக நின்ற கையைச் சற்று முன்தள்ளினாற் போதும். தேநீர்க் கோப்பையை நோக்கிச் செல்லும் கை தாண்டினால் கோப்பை கவிழும். குறைந்தால் எதுவும் நேராது. தம் கையின் சிதறலை அறிந்த முதியவரின் மூளை, குறையாக வீசிப் பின்னர் திருத்துவதைத் தேர்ந்துகொள்வது சரியான கணக்கேயாகும். கையை நகர்த்துமுன் எடுக்கப்படும் முடிவிலும் இதே போக்குக் காணப்படுகின்றது. ரொஜர் ரட்கிளிப்பும் அவரது சகாக்களும் 2000ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வுகள், விரைவாக முடிவெடுக்கும் பல பணிகளில் முதியவர்களின் தாமதத்துக்குக் காரணம் அறியும் ஆற்றலின் குறைவு அல்லவென்றும், பிழை விடக்கூடாது என்பதற்காக அவர்கள் அதிகச் சான்றுக்குக் காத்திருப்பது அதில் முக்கிய பங்கு வகிக்கின்றது என்றும் காட்டின. சில வேளைகளில் இந்த எச்சரிக்கை தேவைக்கு மிஞ்சியதாகவும் இருக்கலாம். ஆயினும் இயலாமை வேறு, எச்சரிக்கை வேறு எனப் பிரித்து நிறுத்தும் கோடு மெல்லியது. எச்சரிக்கை, இயலாமையின் அளவறிந்து எழுந்தது என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகின்றது.

அப்படியாயின் அறுபது வயதைத் தாண்டிய தையற்காரர், இளைஞனுக்கு இணையாக ஊசியில் நூல் கோப்பது எங்ஙனம்? இதற்குத் தட்டெழுத்தாளர்களைக் கொண்டு விடை கண்டவர் திமத்தி சோல்ற்ஹவுஸ். 1984இல் வெளியான அவரது ஆய்வில் 19 முதல் 72 வயது வரையிலான தட்டெழுத்தாளர்கள் பங்கெடுத்தனர். மூத்தவர்களின் விரல்கள் தட்டும் வேகமும் அவர்களது எதிர்வினையின் வேகமும் குறைந்திருந்தன. ஆனால் தட்டெழுதும் வேகம் குறையவில்லை. காரணத்தைத் தேடியபோது, மூத்தவர்கள் மூலப்பிரதியில் விரல்களுக்கு வெகு தூரம் முன்பாகக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தமை தெரியவந்தது. அடுத்துவரும் எழுத்துகளை முன்னரே அறிந்து விரல்களை ஆயத்தப்படுத்தியதால், விரலின் தாமதத்தை அவர்களால் ஈடுசெய்ய முடிந்தது. அடுத்த எழுத்துகளை மறைத்தால் இந்த உபாயம் செல்லாது.

போலந்தில் பிறந்த பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன், தமது எண்பதுகளிலும் மேடையேறியவர். அவர் கையாண்ட வழிகளை ஜேர்மனிய உளவியலாளர் போல் பல்ரெஸ் அடிக்கடி எடுத்துக்காட்டினார். குறைவான படைப்புகளைத் தெரிவுசெய்தல், அவற்றை அதிகமாகப் பயிலுதல், வேகமான பகுதிக்கு முன்னுள்ள பகுதியை வேண்டுமென்றே மெதுவாக வாசித்து வேகத்தை வேகமாகத் தோன்றச் செய்தல் ஆகியவையே அவை. 1996இல் ரால்ப் கிராம்பே, அண்டர்ஸ் எரிக்சன் ஆகியோர் பியானோக் கலைஞர்களை ஆராய்ந்தபோது, பிற்காலத்திலும் பயிற்சியைக் கைவிடாதவர்களிடம் இசைக்குரிய விரல் திறன் நன்கு பேணப்பட்டிருந்தது. இசையோடு தொடர்பற்ற பொதுவான வேகச் சோதனைகளில் அவர்களும் தம் வயதினரைப் போலவே மெதுவாக இருந்தனர். பயிற்சியின் பயன் அந்தத் தொழிலோடு நின்றுவிடுகின்றது. ஊசியைத் தயங்காமல் கையாளும் அதே தையற்காரர், கையடக்கத் தொலைபேசியில் பேத்தியின் படத்தைத் தேடும்போது தடுமாறுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தத் தொலைபேசி பற்றியும் ஒரு வார்த்தை. பிட்ஸின் விதி 1978இலேயே கணனியின் சுட்டிக்குப் பொருத்திப் பார்க்கப்பட்டு, அன்றிலிருந்து கணனி வடிவமைப்போர் அனைவரும் அறிந்ததாகவே இருக்கின்றது. சுட்டியை நகர்த்தாமல் விரைவாக இருமுறை அழுத்தும் பணியே முதியவர்களை அதிகம் இடர்ப்படுத்துகின்றது என்பதும் 1999இல் ஓர் ஆய்வில் பதிவாகியது. அவ்வாறிருந்தும் தொடுதிரைகளில் பொத்தான்கள் நெருக்கி அடுக்கப்படுகின்றன. குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தைப் பதிவதற்குச் சில விநாடிகளே தரப்பட்டு, அதற்குள் முடிக்காதவர் வெளியே தள்ளப்படுகின்றார். குறியைச் சிறிதாக்குவதும் நேரத்தைக் குறுக்குவதும் முதிய கைக்குச் சேர்த்துச் செய்யப்படும் இரட்டை அநீதிகள். பொத்தானைப் பெரிதாக்குவதற்குச் செலவு எதுவுமில்லை.

கையொப்ப விடயமும் இதைப் போன்றதே. கையொப்பம் என்பது பல்லாண்டுப் பழக்கத்தால் ஒரே வீச்சில் இடப்படும் கோடு. வீச்சு குறுகித் திருத்தம் பெருகும்போது கோடு நெளிகின்றது. இடையில் நின்று தொடர்கின்றது. போலிக் கையொப்பத்திலும் தயக்கமும் நடுக்கமுமே தென்படும் என்பதால், ஓய்வூதியப் பணத்தைப் பெறச் சென்ற முதியவர் தமது சொந்தக் கையொப்பத்துக்கே ஐயத்துக்கு ஆளாகும் நிலை ஏற்படுகின்றது. கையெழுத்தை ஒப்பிடுவோர் இருபது வருடங்களுக்கு முந்திய மாதிரியை விடுத்து அண்மைய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும் என்பது அத்துறையில் ஏற்கப்பட்ட நடைமுறை. வங்கிகள் முதிய வாடிக்கையாளரிடம் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய மாதிரியைப் பெற்று வைப்பது இருதரப்புக்கும் நல்லது.

கையின் மாற்றம் எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுவது ஆபத்தானது என்பதையும் வலியுறுத்த வேண்டும். வயதினால் ஏற்படும் மந்தம் பல ஆண்டுகளாக, இரு கைகளிலும், சிறுகச் சிறுக வருவது. ஒரு கை திடீரென இலக்கைத் தவறவிட்டால், குறிப்பாக வாய் கோணுதல் அல்லது பேச்சுக் குழறுதல் சேர்ந்து வந்தால், அது பாரிசவாதமாக இருக்கலாம். மணித்தியாலக் கணக்கில் காத்திராமல் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மடியில் ஓய்ந்திருக்கும் கை நடுங்குவதும், ஒரு பக்கம் மற்றையதைவிட மந்தமாவதும், எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டு போவதும் 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோயின் அடையாளங்களாகலாம். ஓய்வில் அமைதியாக இருந்து, கோப்பையை எடுக்கும்போது மட்டும் நடுங்கும் கை பெரும்பாலும் வேறு வகை நடுக்கத்தைச் சேர்ந்தது. இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் பெருத்தால் சிறுமூளையைச் சந்தேகிப்பர். தைரொயிட் சுரப்பியின் மிகைச் சுரப்பும், இழுப்பு நோய்க்கு உள்ளிழுக்கும் சில மருந்துகளும்கூடக் கையை நடுங்கச் செய்யும். வைத்தியர் தமது விரலையும் நோயாளியின் மூக்கையும் மாறிமாறித் தொடும்படி கேட்பது, வூட்வேர்த் தாளில் அளந்ததையே கண்ணால் அளப்பதற்காகத்தான்.

கடைசியாகக் கால்கள். நடையும், அடி வைக்கும் இடம் முக்கியமாகும்போது, குறிநோக்கிய அசைவாகிவிடுகின்றது. கோயில் படியிலும் பள்ளிவாசல் படியிலும் வடிகாலைக் கடக்கும் பலகையிலும் முதியவர்கள் விழுவதை நாம் கால் வலுவிழந்ததன் விளைவாகவே கருதுகின்றோம். பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் சப்மன், மார்க் ஹொலண்ட்ஸ் ஆகியோர் 2006, 2007 காலப்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகள் கண்ணின் பங்கை வெளிப்படுத்தின. தரையில் குறிக்கப்பட்ட இடங்களில் அடிவைத்து நடக்கும்போது, இளையவர்கள் கால் குறியில் பதியும்வரை பார்வையை அங்கேயே வைத்திருந்தனர். விழும் ஆபத்து அதிகமுள்ள முதியவர்களோ, கால் பதியுமுன்னரே பார்வையை அடுத்த குறிக்கு மாற்றிவிட்டனர். அடுத்த அடியைப் பற்றிய கவலையில் இந்த அடியின் திருத்தத்துக்கு வேண்டிய கண்ணை அவர்கள் எடுத்துவிடுகின்றனர். கால் குறி தவறுகின்றது. தூரத்துக்கும் வாசிப்புக்கும் ஒன்றாகப் பயன்படும் மூக்குக்கண்ணாடியும் இதற்குத் துணைபோகின்றது. அதன் கீழ்ப்பகுதி வாசிப்புக்கானது என்பதால், குனிந்து பார்க்கும்போது படியின் விளிம்பு மங்கலாகின்றது. அத்தகைய கண்ணாடி அணியும் முதியவர்கள் அதிகம் விழுகின்றனர் என்பதை ஸ்டீபன் லோர்ட் தலைமையிலான அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002இல் காட்டினர். வெளியில் நடப்பதற்குத் தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றை வைத்திருப்பது பற்றி கண் வைத்தியரிடம் கேட்டறியலாம்.

மிதிபலகையில் கால் ஊன்றுமுன் பஸ்ஸை நகர்த்தும் சாரதியும், 'ஏறுங்கோ, ஏறுங்கோ' என்று அவசரப்படுத்தும் நடத்துநரும் பறிப்பது அந்தக் கால் விநாடித் திருத்தத்தையே. முதியவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதை வில்லியம் யங், ஹொலண்ட்ஸ் ஆகியோர் 2010இல் பரிசோதித்தனர். கால் குறியில் பதியும்வரை பார்வையை எடுக்க வேண்டாம் என்று முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சிறிது நேரம் பயிற்சி அளித்தனர். வேறு மருந்தோ கருவியோ தரப்படவில்லை. பார்வையை மாற்றும் நேரம் பிந்தியது. அடி முன்னரிலும் திருத்தமாகக் குறியில் விழுந்தது.